ஈரம் படாத முதுகு

சுதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குதான் வினை. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்துவிட்டு, மீன் கவிச்சிக்கு மூக்கைச் சுளித்தால் ஊர் சும்மா விடுமா? இறால் தலை கிள்ளிப் போடும் இடத்தைக் கண்டால் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போவாள். எதைப் பார்த்தாலும் "கலீஜு" என்று ஒரு வார்த்தை. கலீஜ் மகாராணி என்றே அவளுக்குப் பேர் வைத்தார்கள். பொன்னேரிக்கு பஸ் ஏறிப்போய் வேதியியல் படித்ததற்குக்கூட இதுதான் காரணம். கண்ணாடிக் குடுவை, வெள்ளைக் கோட்டு, கழுவித் துடைத்த மேசை. அங்கேயாவது சுத்தம் இருக்கும் என்று நம்பினாள். பாவம், ஆசைதானே.

வேலை கிடைத்தது சாயக் கம்பெனியில். பொன்னேரிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை விட்டு உள்ளடங்கி நிற்கிற கம்பெனி அது. துணிக்குப் போடுகிற செயற்கைச் சாயங்களைப் புதிது புதிதாகச் செய்து பார்ப்பார்கள். செய்த சாயம் துணியில் நிற்குமா, உடுத்துகிறவர் உடம்புக்கு ஆகுமா என்று சோதிக்கும் கூடத்தில் சுதாவுக்கு இடம். உள்ளே நுழைந்த முதல் நாளே ஒரு நெடி மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அழுகின பாதாமும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றினாலும் போகாது. கவிச்சிக்கு ஓடிவந்தவள் கடைசியில் இதில் வந்து விழுந்தாள்.

அங்கே நடந்த வேலைகளில் அவளுக்குச் சிரிப்பு வரவழைத்தது ஒன்று உண்டு. உப்பையும் சில பொடிகளையும் தண்ணீரில் கரைத்து, மனித வியர்வையைப் போலவே ஒரு திரவம் செய்வார்கள். சாயத் துணியை அதில் ஊறவைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைச் சேர்த்து அழுத்தி, உடம்புச் சூட்டில் வைப்பார்கள். வெள்ளையில் சாயம் ஏறினால், வியர்வைக்கு அந்தச் சாயம் தாங்காது என்று அர்த்தம். ஊரில் வலை இழுக்கிறவர்கள் குடம் குடமாகச் சிந்துவதை இங்கே மருந்து மாதிரி அளந்து கலக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வாள்.

புதிதாக ஒரு சிவப்பு வந்தது. அதற்கு ஒரு நம்பர்தான் பேர். ஆனால் எல்லோரும் குங்குமச் சிவப்பு என்றே சொன்னார்கள். கண்ணைப் பறிக்கிற நிறம். பாலியஸ்டர் துணியில் பிடித்தால் விடாது என்றார்கள். சுதா வியர்வையில் வைத்து எடுத்தபோது வெள்ளைத் துணி வெற்றிலை போட்ட உதடு மாதிரி இருந்தது. கொண்டுபோய் மேனேஜர் பிரபாகரனிடம் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் சகஜம், அடுத்தது தோல் சோதனைதானே, அதில் தெரிந்துவிடும் என்றார். பிரபாகரன் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். குரலை உயர்த்தமாட்டார், யாரையும் திட்டமாட்டார், கையில் மட்டும் அகப்படமாட்டார்.

தோல் சோதனை என்பது இதுதான். சாயம் போட்ட துணியைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஆளின் முதுகில் வரிசையாக ஒட்டுவார்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு சாயம், அதன்மேல் ஆளுக்கான நம்பர். இரண்டு நாள் அப்படியே இருக்கவேண்டும். ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது. பிறகு பிரித்துப் பார்த்து, தோல் சிவந்திருக்கிறதா, கொப்பளித்திருக்கிறதா என்று குறிப்பார்கள். முன்பெல்லாம் ஏஜெண்டு ஒருவர் ஆள் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் கேட்டைத் தாண்டியதும் பிய்த்துப் போட்டுவிட்டுப் போனார்கள். "உங்க ஊர்ல நம்பிக்கையான ஆளுங்க இருப்பாங்களேம்மா" என்று பிரபாகரன் ஒருநாள் சுதாவிடம் தேன் தடவிக் கேட்டார். ஊருக்கு நாலு காசு கிடைக்குமே என்று அவளும் தலையாட்டினாள்.

அவளுடைய அண்ணன் சகாதேவன் ஒரு வார்த்தை சொன்னால் அவன் கூட்டமே முதுகைக் காட்டும். கூட்டம் என்றால் பாடு கூட்டம். ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. நல்ல இடத்துக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஊர் மூன்று கூட்டமாகப் பிரிந்து, ஆளுக்கொரு நாள் முறை வைத்து அங்கே கழி ஊன்றி வலை கட்டும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். தன் பாட்டை ஒருவன் விட்டால் விட்டதுதான், அடுத்த முறை வரும்வரை வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். காய்ச்சலோ கல்யாணமோ, பாட்டை யாரும் விடுவதில்லை.

சுதா இதெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் நாள் குறித்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூட்டத்தின் பாடு. அது முடிந்து கரையேறியதும் மாலையில் ஒட்டினால், திங்களும் செவ்வாயும் மற்றவர்கள் முறை. செவ்வாய் மாலை பிரித்துவிடலாம். கூடுதலாக ஒரு முதுகு வேண்டியிருந்தது. தன் கணவன் கவியரசனையும் உட்காரவைத்தாள். கவியரசன் உள்நாட்டுக்காரன், நெல் விளைகிற ஊரிலிருந்து காதலித்துக் கட்டிக்கொண்டு குப்பத்தோடு வந்துவிட்டவன். காட்டுப்பள்ளிப் பக்கம் லாரி ஓட்டுகிறான். வந்து எத்தனையோ வருஷமாகியும் ஊர் அவனை 'நெல்லு மாப்ள' என்றுதான் கூப்பிடும். பாட்டில் அவனுக்குப் பங்கு கிடையாது. வெளியூர் மாப்பிள்ளைக்கு ஏரி சொந்தமில்லை.

சனிக்கிழமை இரவு பெரியவர் பொன்னுரங்கம் செத்துப்போனார். ஞாயிறு காலையில் எடுத்தார்கள். ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் ஏரியில் வலை வைக்கமாட்டார்கள். எல்லாக் கூட்டத்தின் பாடும் ஒருநாள் தள்ளிப்போகும். சுதாவும் பிணத்தருகே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், தலைமுழுகினாள், சாயங்காலம் ஆண்கள் முதுகைத் துடைத்து வரிசையாகச் சதுரங்களை ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமைப் பாடு திங்களுக்குப் போய்விட்டது என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. மீனவர் வீட்டுப் பெண்தான். ஆனால் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்து, ஏரி நாளை மறந்து கம்பெனி நாளில் வாழப் பழகிவிட்டாள்.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒருத்தனாவது வாயைத் திறந்தானா? இல்லை. பாட்டையும் விடமுடியாது, சுதாவிடம் மாட்டேன் என்று சொல்லவும் மனசு வராது. இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்முனு இருந்துவிட்டார்கள்.

செவ்வாய் மாலை அவள் பிரிக்க உட்கார்ந்தாள். முதல் முதுகிலேயே மூக்கு சொல்லிவிட்டது. ஏரிச் சேற்றின் வாடை. அவள் ஒட்டியது வெள்ளை ஒட்டுப்பட்டை, இருந்தது மோட்டார் ஒயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பு. பிரித்தால் துணிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு இறால் மீசை. அடுத்த முதுகில் இருந்த சதுரங்களின் நம்பர் வேறு யாருடையதோ. சகாதேவன் முதுகில் இரண்டு சதுரம் தலைகீழாக ஒட்டியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டாள். சகாதேவன் ஒளிக்கவில்லை, பெருமையாகவே சொன்னான். முதுகில் பாலித்தீன் பையை வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் இறங்கினார்களாம். மார்பளவுத் தண்ணீரில் பை என்ன செய்யும், எல்லாம் பிய்ந்து மிதந்ததாம். விடக்கூடாதென்று தேடிப் பொறுக்கி, கரையேறியதும் ஆளுக்கு ஆள் முதுகில் ஒட்டிவிட்டார்களாம்.

"உன் வேலைக்குக் கெட்ட பேரு வந்துடக்கூடாது பாரு, அதான். முதுவப் பாரு, எவனுக்காவது ஒன்னாச்சும் கீதா?" என்றான்.

ஒன்றும் இல்லைதான். எல்லா முதுகும் கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது. கடைசியாகக் கவியரசன் உட்கார்ந்தான். அவன்தான் ஏரியில் இறங்காதவன். லாரி சீட்டில்கூட முன்னால் சாய்ந்தே ஓட்டினானாம். ஒட்டுப்பட்டை அவள் ஒட்டியபடியே இருந்தது. மற்ற சாயங்கள் இருந்த இடமெல்லாம் சுத்தம். குங்குமச் சிவப்பைத் தூக்கியதும் தோலும் கூடவே கொஞ்சம் வந்தது. நான்கு மூலையும் திட்டமாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு சதுரம். அதற்குள் கொப்புளம் கொப்புளமாக நீர் கோத்து வழிந்தது. சுதாவுக்குக் குமட்டியது. கட்டிய புருஷன் முதுகைப் பார்த்துக் குமட்டுகிறதே என்று இன்னும் அதிகமாகக் குமட்டியது.

மறுநாள் பிரபாகரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சாவு, பாடு, டேப்பு, இறால் மீசை, எதையும் விடவில்லை. கவியரசன் முதுகைப் போனில் படம் பிடித்துக் கொண்டுபோயிருந்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தயிர்சாதத்தைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடது கை விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கொப்புளம் திரை முழுக்க விரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மாங்காய் ஊறுகாயைக் கடித்தார்.

"இவர் மீனவர் இல்லையே?" என்றார்.

இல்லை என்றாள்.

"விவசாயக் குடும்பம். பூச்சிமருந்து அடிச்ச உடம்பு. இந்த ஒரு ஆளைக் கணக்குலேர்ந்து எடுத்துடலாம்மா. மத்தவங்க எல்லாம் சுத்தமாத்தானே இருக்காங்க."

அவர் லாரி ஓட்டுகிறவர், வயலில் கால் வைத்தே வருஷக்கணக்காகிறது என்று சுதா சொன்னாள். மற்றவர்களின் துணி ஏரியில் ஊறிப் போனது, அது சோதனையே இல்லை என்றாள். பிரபாகரனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலாவது மனுஷன் என்று நினைத்திருக்கலாம்.

"துணின்னா நனையத்தானே செய்யும்? உலகத்துல யாரு ரெண்டு நாள் நனையாம உடுத்துறாங்க? ஒரு வகையில இதுதான் நிஜமான சோதனை" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த தயிரை வழித்துச் சாப்பிட்டார். நிஜமான சோதனையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். தயிர்சாதத்தில் மறைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அண்ணனிடம் போனாள். தண்ணீரில் இறங்கிவிட்டோம், மறுபடி ஒட்டுங்கள் என்று நீங்களே கம்பெனிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். சகாதேவன் தலையைச் சொறிந்தான். எங்களுக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, அப்புறம் எதற்கு என்றான். மாப்பிள்ளை தோல் வயக்காட்டுத் தோல், அதற்கு எதுவும் ஒத்துக்காது என்றான். ஏசி அறையில் கேட்ட அதே பேச்சு ஏரிக்கரையிலும் வந்தது. சுதா அங்கேயே கீழே துப்பினாள். அவள் துப்பி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

வேலையை விட்டுவிடவேண்டும் என்று தோன்றியது. விடவில்லை. வேறு எங்கே போவது என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. தினமும் வெள்ளைக் கோட்டை மாட்டும்போது யாரோ கழற்றிப் போட்ட அழுக்குத் துணியை மாட்டுகிற மாதிரி இருந்தது. ராத்திரி கவியரசன் முதுகுக்கு மருந்து தடவுவாள். அவன் ஒன்றும் கேட்கமாட்டான். புண் ஆறியது, சதுரம் மட்டும் கறுத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது.

ஆடி மாதம் குப்பத்தில் அம்மன் திருவிழா. கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. பிரபாகரனே இறங்கினார். சோதனைக்கு ஒத்துழைத்த ஊருக்கு அன்பளிப்பு என்று சொல்லி, கட்டுக் கட்டாகச் சட்டைகளை இறக்கினார். அம்மனுக்கு ஏற்ற நிறம் என்றார். கட்டைப் பிரித்ததும் சுதாவின் கண்ணைவிட மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. அதே அழுகின பாதாம் நெடி. குங்குமச் சிவப்பு. சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்ற ஆண்களின் தோளில் கைபோட்டுப் பிரபாகரன் போட்டோ எடுத்துக்கொண்டார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை எல்லோருக்கும் தெரியும். ஆட்டுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த ஓநாயை அன்றைக்குத்தான் குப்பம் பார்த்தது.

போடாதே என்று அண்ணனிடம் சொன்னாள். துவைத்தாவது போடு என்றாள். "சாமி காரியத்துலயும் மூக்கச் சுளிக்காத, சுதா" என்றுவிட்டான். ஊர் சிரித்தது.

வெயில் கொளுத்தியது. அம்மனைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக ஆண்கள் சுற்றினார்கள். பாலியஸ்டர் சட்டைக்குள் காற்று நுழையாது, வியர்வை வெளியே வராது. மத்தியானத்துக்குள் வெள்ளை வேட்டிகளின் இடுப்பில் சிவப்பு இறங்கியிருந்தது. சுதா பார்த்துக்கொண்டு நின்றாள். குடுவையில் கலந்து பார்த்ததை இப்போது ஊரே செய்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் பாதிக்கு மேற்பட்ட ஆண்களுக்கு உடம்பில் கொப்புளம். சொறிந்தார்கள், நீர் வடிந்தது, வீடெல்லாம் புண் வாடை. சகாதேவன் மனைவி காந்தாதான் முதலில் சொன்னாள், அம்மன் இறங்கிட்டா என்று. திருவிழா முடிந்த கையோடு அம்மை போட்டால் வேறென்ன அர்த்தம்? வாசலுக்கு வாசல் வேப்பிலை செருகினார்கள். தாளிப்பதை நிறுத்தினார்கள். டாக்டர் பேச்சை எடுக்கக்கூடாது, அம்மனுக்குக் கோபம் வரும். சட்டையைக் கழற்றிப்போட்டு வேப்பிலைமேல் குப்புறப் படுத்திருந்த அண்ணனிடம், இது அம்மை இல்லை, சாயம் என்று சுதா சொன்னாள். காந்தா அவள் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டாள். தாய் போட்ட முத்தைப் பார்த்துச் சாயம் என்கிற நாக்கு அழுகிப்போகும் என்றாள்.

சுதாவுக்கு அந்தத் தெருவில் இருந்த எல்லாவற்றின் மேலும் அருவருப்பு வந்தது. சட்டை கொடுத்தவன் மேல், போட்டவர்கள் மேல், வேப்பிலை மேல், எல்லாம் தெரிந்தும் சம்பளம் வாங்குகிற தன் மேல். இனி யார் எப்படிப் போனால் என்ன என்று வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

கவியரசன் சாயங்காலம் லாரியை விட்டுவிட்டு வந்தான். நடந்ததைக் கேட்டான். நேராகச் சகாதேவன் வீட்டுக்குப் போனான். பயந்துபோய் அவளும் பின்னால் ஓடினாள். ஊர்க்காரர்கள் பலர் அங்கே கூடியிருந்தார்கள். நெல்லு மாப்பிள்ளை யார் வீட்டிலும் குரல் உயர்த்தினதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி, திரும்பி நின்று முதுகைக் காட்டினான்.

"மச்சான், அம்மன் போட்ட முத்து எங்கயாச்சும் சதுரமா இருந்து பாத்துக்கீறியா?"

கறுத்த சதுரம், நான்கு மூலை, ஸ்கேல் வைத்த கோடு. எல்லோரும் அதையே பார்த்தார்கள். கவியரசன் குனிந்து சகாதேவன் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். கொப்புளம் காலர் இருந்த இடத்தில் ஆரம்பித்தது. கையில், சட்டைக் கை முடிகிற இடத்தில் கத்தரித்த மாதிரி நின்றது. முழங்கைக்குக் கீழே ஒன்றுகூட இல்லை.

"உங்கம்மன் சட்டை அளவு எடுத்தா முத்து போடுவா?" என்றான்.

சகாதேவன் எழுந்து உட்கார்ந்தான். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மற்றவர்கள் கைகளை. அந்தச் சிவப்புச் சட்டையைப் போடாத பெண்கள் ஒருத்திக்கும் ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காந்தா வாசலில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்தாள், சுதாவைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

"விடிஞ்சா நம்ம பாடு. போயி உப்புத்தண்ணியில எறங்கினா அரிப்பாவது அடங்கும்" என்றான் சகாதேவன், எழுந்திருக்கப் போனவனாக.

சுதா குறுக்கே வந்து நின்றாள். "எறங்காதண்ணா. உன் கால்ல விழுறேன். நீ தண்ணியில கால வெச்சா அந்த மேனேஜர் ஏரி மேல பழியப் போட்டுடுவான். போன வாட்டி ஏரி அவனுக்குச் சாட்சி சொல்லிச்சு. இந்த வாட்டி ஏரியவே குத்தவாளி ஆக்கிடுவான்."

சகாதேவன் முதுகைச் சொறியப் போன கையைப் பாதியில் நிறுத்தினான். தன் பாட்டை ஒருநாளும் விடாதவன் அவன். அப்பன் செத்த மூன்றாம் நாள் வலை கட்டியவன்.

"போவுது. இந்தப் பாடு போவட்டும்" என்றான்.

விடிந்ததும் அடுத்த கூட்டத்துக்கு ஆள் அனுப்பி, இடத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில், மேலே ஒரு துண்டைக்கூடப் போடமுடியாமல், வெறும் முதுகோடு அத்தனை பேரும் நின்றார்கள். பொன்னேரியில் தோல் டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் காட்டி எழுதி வாங்கவேண்டும், பிறகு அதைத் தூக்கிக்கொண்டு யார் யார் வாசலுக்கோ போகவேண்டும். சட்டைகளை ஒரு கோணிப்பையில் போட்டுக் கவியரசன் பிடித்துக்கொண்டான். சந்தைக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். சுதா பொத்தவில்லை. அந்தப் புண் வாடைக்கு நடுவில்தான் நின்றாள்.

பிரபாகரன் போன் செய்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. குரலில் அதே தேன். திருவிழாக் கூட்டம், வெயில், நெரிசல், இப்படி எதனாலும் வரும்மா என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் தணிந்து பேசினார்.

"அந்த ஏரித் தண்ணி ரொம்ப மோசம்னு கேள்விப்பட்டேன். அதுல எறங்கியிருப்பாங்க, அதனாலதான் இப்படி. நீயே எடுத்துச் சொல்லேன்."

சுதா வரிசையாக நின்ற முதுகுகளைப் பார்த்தாள். கொப்புளங்கள் காய்ந்து வெடித்து, வெயிலில் எரிந்துகொண்டிருந்தன. தூரத்தில் ஏரியில் அண்ணனுடைய இடத்தில் வேறு யாரோ கழி ஊன்றிக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல சார்" என்றாள். "இந்த வாட்டி ஒருத்தரும் தண்ணியில எறங்கல."